யார் இதை இப்படிக் கட்டினார்கள்? இருண்ட அறிவியல் கதைகளும் நானும்

உங்களைப் பயமுறுத்திய இருண்ட அறிவியல் கதை எது என்று இந்தக் குழுவில் கேட்டதற்கு, மேலே நிறையப் பேர் வேற்றுக்கிரகப் பிராணி, ஜோம்பி, கொலைகார ரோபோ என்று தாங்கள் பயந்த கதைகளை எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் விடாமல் படித்தேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி, நீளமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோயம்புத்தூரில் உயிரித்தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல்வாசி. ஊர் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில். அம்மா பிறந்தது சங்ககிரிப் பக்கம். ஊர் விவரமெல்லாம் எதற்கு என்றால், இந்தக் கதைகளையும் படங்களையும் வேறு ஊரில் இருந்து பார்த்திருந்தால் எனக்கு இப்படித் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

முதலில், எல்லாரும் பயந்த இடத்தில் நான் பயப்படாத கதை. 1979-ல் வந்த ஏலியன் படத்தை ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பில் போட்டோம். சாப்பாட்டு மேசையில் ஒருவனுடைய நெஞ்சைப் பிளந்துகொண்டு வேற்றுக்கிரகப் பிராணியின் குட்டி வெளியே வருமே, அந்தக் காட்சியில் அறையே கத்தியது, ஒருத்தி தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது எங்கள் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி வயல். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று கொங்குப் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பி, எந்த மருந்துக்கும் அடங்காமல் போனதாம். நான் அப்போது கைக்குழந்தை, அப்பா சொல்லித்தான் தெரியும். 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத குளவியைக் கொண்டுவந்து இங்கே பெருக்கி விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு பொரிந்து உள்ளே இருந்தபடியே அதைத் தின்னும், கடைசியில் காய்ந்த கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். படத்தில் வரும் பிராணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. எங்கள் காட்டைக் காப்பாற்றிய பூச்சியின் பிழைப்பு அது, அதைப் பார்த்து எனக்குப் பயம் எப்படி வரும்?

ஆனால் அதே படத்தில் வேறு ஓர் இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த விண்கப்பலை அனுப்பிய கம்பெனி முன்கூட்டியே ஓர் உத்தரவு போட்டு வைத்திருக்கிறது: அந்த உயிரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், கப்பலில் இருப்பவர்கள் போனாலும் பரவாயில்லை. அது தெரியவரும் காட்சியில் ரத்தமும் இல்லை, சத்தமும் இல்லை, திரையில் நாலு வரி எழுத்துதான். தோழிகள் அந்த நேரத்தில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. பிராணிக்குப் பசி, அது தின்கிறது. அந்த நாலு வரியை யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, யோசித்து, தட்டச்சு செய்திருக்கிறார் இல்லையா.

அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். என்னைத் தூங்க விடாத கதைகள் எல்லாவற்றிலும் இப்படி ஓர் இடம் இருந்தது.

ரே பிராட்பரி 1950-ல் எழுதிய ஒரு சிறுகதை, எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு தொகுப்பில் கிடைத்தது. கலிபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு. காலையில் எழுப்பிவிடுகிறது, அடுப்பு தானாகக் காலை உணவு சமைக்கிறது, மழை வருகிறது குடை எடுத்துக்கொள் என்கிறது, சின்னச் சின்ன எலி இயந்திரங்கள் தரையைப் பெருக்குகின்றன. ஆட்கள் மட்டும் இல்லை. அணுகுண்டு விழுந்து ஊரே சாம்பல், இந்த ஒரு வீடு மிச்சம். வெளிச்சுவர் கருகிப் போயிருக்க, அப்பா, அம்மா, பையன், பெண் நின்ற இடங்களில் மட்டும் பெயின்ட் உருவமாகத் தங்கியிருக்கிறது, பையன் மேலே எறிந்த பந்துகூட அப்படியே சுவரில் இருக்கிறது. இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் ஒரு வங்கியின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒருவருடைய நிழல் கல்லில் பதிந்தது, அந்தக் கல்லை இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கதை நடக்கும் நாளாக பிராட்பரி முதல் பதிப்புப் புத்தகத்தில் போட்டது 2026 ஆகஸ்ட். நான் படித்துக்கொண்டிருந்தபோது அது ரொம்பத் தூரத்தில் இல்லை.

அந்த வீட்டு நாய் புண்ணும் எலும்புமாகத் திரும்பி வரும். வீடு அதன் குரலை அடையாளம் கண்டு வாசல் கதவைத் திறக்கும். நாய் மாடிக்கும் கீழுக்கும் ஓடும், ஆட்களைத் தேடும், சமையலறைக் கதவில் வந்து மோப்பம் பிடிக்கும். உள்ளே அடுப்பில் பலகாரம் வெந்துகொண்டிருக்கும், அந்தக் கதவு மட்டும் திறக்காது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் போய்த்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது, அதன் சொந்தக்காரர்கள் திருப்பூரில் குடியேறி ரொம்ப காலம் ஆகிறது. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள், இங்கே பெரும்பாலும் எல்லாருமே அப்படித்தான், ராத்திரி திரீ ஃபேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும், போனில் ஒரு குரல் 'மோட்டார் இயங்குகிறது' என்று சொல்லும். அன்று நடுராத்திரி அந்த மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தோப்பில் ஆள் இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது, மட்டையும் காயும் விழுந்தது விழுந்தபடி, தண்ணீர் மட்டும் தவறாமல் பாய்கிறது. அதே சத்தத்தில் சின்ன வயதிலிருந்து தூங்கிப் பழகியவள் நான். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. அப்பாவை எழுப்பிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"ஆளு செத்தாலும் மோட்டாரு ஓடுமாங் கண்ணு, தண்ணி இருக்கற வரைக்கும்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கு ராத்திரில இந்த மாதிரிக் கதையெல்லாம் படிக்கிற? நாம பாக்காததா?" என்றார்.

அவர் சொன்னது ஒரத்துப்பாளையம் அணையை. எங்களுக்குப் பக்கம்தான். பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டினார்கள், திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அந்தத் தண்ணீர் எங்கள் காட்டுக்கு வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்ட பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை இன்றும் நாங்கள் வாயில் வைப்பதில்லை. படங்களில் எதிர்கால நகரத்தை எப்போதும் இருட்டாகவும் மழையாகவும் காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் வந்த அழிவு நல்ல வெயிலில், கலர் கலராக, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வந்தது.

சரி, அடுத்த கதை. இதைப் பற்றித்தான் நான் அதிகமாகச் சண்டை போட்டிருக்கிறேன். டாம் காட்வின் 1954-ல் எழுதியது, 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' என்று பெயர். தூரத்துக் கிரகம் ஒன்றில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள், அவர்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டு ஒரு சின்ன விண்கப்பல் போகிறது. ஓட்டி ஒருவன்தான். எரிபொருள் அந்த ஒருவன் எடைக்கு அளந்து ஊற்றியது, ஒரு சொட்டு கூடுதல் கிடையாது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் திருட்டுத்தனமாக ஏறி ஓர் அலமாரியில் ஒளிந்திருக்கிறாள், பிடித்தால் அபராதம் கட்டிவிடலாம் என்று நினைத்து. அவள் இருந்தால் கப்பல் இறங்காது, எல்லாரும் சாவார்கள். அதனால் அவளை வெளியே தள்ள வேண்டும். கதை முழுக்க அந்த ஓட்டி நல்லவன், அவள் நல்லவள், யாருக்கும் அவள் சாக வேண்டும் என்ற எண்ணமே இல்லை. கணக்கு அப்படி. கடைசியில் வெளியே தள்ளும் அறைக்குள் அவளே போய் நிற்கிறாள். காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எழுத, பத்திரிகை ஆசிரியர் காம்ப்பெல் அவள் செத்தே ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார் என்று சொல்வார்கள்.

படித்து முடித்ததும் அழுதேன். எங்கள் அறையில் இருந்த நாலு பேரிடமும் கதையைச் சொன்னேன். அவர்களும் கலங்கினார்கள், "இயற்கை விதிக்கு இரக்கம் கிடையாது, என்ன செய்ய முடியும்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் ஆமாம் என்றோம். மெக்கானிக்கல் படிக்கும் ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: "ஆள் ஏறும் கப்பலுக்கு எவனாவது கூடுதல் எரிபொருள் இல்லாமல் டிசைன் போடுவானா? எங்களுக்கு முதல் வருஷத்திலேயே பாதுகாப்புக் காரணி என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு லிஃப்டுக்குக்கூட அது உண்டு. சரி, கிளம்புவதற்கு முன்னால் அந்த அலமாரியைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வைக்கவில்லையே, ஏன்? ஏறினால் சாவு என்றால், 'அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று மட்டும் கதவில் போர்டு மாட்டினால் போதுமா? ஏறினால் செத்துப்போவாய் என்று ஏன் எழுதவில்லை? பூட்டு எங்கே?"

எனக்குச் சுரீர் என்றது. இதே குறையைப் பல வருடமாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஆனால் அன்று அவள் வாயில் கேட்டபோது எனக்குக் கதை மறந்து என் சித்தி நினைவுக்கு வந்தார்.

சித்தி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூல் மில்லில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தார். வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கும். எங்கள் குடும்பத்தில் அதை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: தூக்கக் கலக்கத்தில் கையை விட்டுவிட்டாள், அவள் நேரம். மில்லிலும் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கதையைப் படித்த பிறகு பொங்கலுக்கு ஒறம்பரையெல்லாம் (சொந்தக்காரர்கள்) வந்திருந்தபோது சித்தியிடம் தனியாகக் கேட்டேன், என்ன நடந்தது என்று. மூடியைத் திறந்தால் மெஷின் நிற்பதற்கு ஒரு சுவிட்ச் இருக்குமாம். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறது என்று அதை வேலை செய்யாதபடி செய்து வைத்திருந்தார்களாம். அது எல்லாருக்கும் தெரியுமாம். அன்று அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது ஷிப்ட்.

"அதையெல்லாம் யாரு இப்பக் கேக்கறா சாமி" என்றார் சித்தி. யாரும் அதுவரை கேட்டதில்லை. நான் கேட்டதும் அவர் ரொம்ப நேரம் பேசினார், அந்த மெஷின் எந்தப் பக்கம் இருந்தது, சுவிட்ச் எங்கே இருந்தது, யார் ஓடி வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக.

அதனால் எனக்கு அந்தக் கதை மேல் கோபம் உண்டு, நன்றியும் உண்டு. கோபம், ஆள் செய்த ஏற்பாட்டை அது இயற்கையின் கணக்கு என்று காட்டுவதால். ஒரு பெண்ணை விண்வெளியில் தள்ளிவிட்டு, தப்பு யாருடையதும் இல்லை என்று சொல்லி எல்லாரையும் அழவும் வைக்கிறது பாருங்கள், அவ்வளவு திறமையாக எழுதியதுதான் அதன் ஆபத்து. நன்றி எதற்கென்றால், அந்த அழுகைக்குப் பிறகு வந்த சண்டை இல்லாவிட்டால் சித்தியிடம் கேட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது இருண்ட கதை எதைப் படித்தாலும் எனக்குள் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: யார் இதை இப்படிக் கட்டினார்கள்?

அந்தக் கேள்வியோடு பார்த்த படம் கட்டாக்கா. 1997-ல் வந்தது. தலைப்பே மரபணு எழுத்துகள் ஜி, ஏ, டி, சி நாலையும் வைத்துச் செய்தது. பிறப்பதற்கு முன்பே கருக்களைச் சோதித்து நல்லதைப் பொறுக்கி எடுக்கும் உலகம். அப்படிப் பொறுக்காமல் இயல்பாகப் பிறந்த வின்சென்ட்டுக்கு விண்வெளிக்குப் போகும் ஆசை, ஆனால் பிறந்த நிமிடமே ஒரு துளி ரத்தத்தில் இதயக் கோளாறு, ஆயுள் முப்பது வருடம் என்று எழுதிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைப்பது துடைப்ப வேலைதான். எங்கள் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் போட்டுக் காட்டினார். வகுப்பில் விவாதம் நன்றாகவே நடந்தது, நோயைத் தடுப்பது வேறு, ஆளைப் பொறுக்குவது வேறு, கோடு எங்கே போடுவது என்று. எல்லாம் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு.

லீவில் சங்ககிரிக்குப் போனபோது அமிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் டிவியில் செல்போனை இணைத்து மறுபடி பார்த்தேன். அமிச்சிக்கு ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே "என்ன அம்மிணி சொல்றான்" என்று கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டு வந்தேன். டாக்டர் அப்பா அம்மாவை உட்கார வைத்து, பையனா பெண்ணா, கண் என்ன நிறம் என்று கேட்கும் காட்சி வந்தது. வேண்டாத கருக்கள் என்ன ஆகும் என்று அமிச்சி கேட்டார். எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்றேன்.

பூக் கட்டுவதை நிறுத்திவிட்டார். "இது இனிமே வரப்போறதுன்னா காட்டறாங்க?"

நான் ஆமாம் என்றேன்.

"நம்ம பக்கம் எல்லாம் முடிஞ்சே போச்சே கண்ணு" என்றார். அப்புறம் பெயர் சொல்லாமல், இன்ன வீடு இன்ன வீடு என்று தெருவைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவதும் பெண் என்றால் என்ன செய்வார்கள், அதற்கு யார் கூப்பிடப்படுவார்கள், அப்புறம் ஸ்கேன் வந்த பிறகு எப்படி அது ஆஸ்பத்திரி வேலையாக மாறியது. எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் அரசு முதலில் சேலத்தில்தான் தொடங்கியது, சங்ககிரி அந்த மாவட்டம்தான். பிறப்பதற்கு முன் பாலினம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1994-ல் வந்தது. அதாவது அந்தப் படம் வருவதற்கு முன்பே அமிச்சியின் மாவட்டத்துக்கு இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது. சட்டப் பெயர் எனக்குப் பாடத்தில் உண்டு, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சங்ககிரியில் அந்தத் திண்ணையில் உட்காரும் வரை அது யாரைப் பற்றியது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அமிச்சி படத்தைக் கடைசிவரை பார்த்தார். முடிவில் ஒரு டாக்டர், வின்சென்ட் யார் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி கப்பலுக்கு அனுப்பிவிடுவார், தன் மகனும் அவர்கள் சொன்ன மாதிரி அமையவில்லை என்பார். "இப்படி ஒருத்தி இருந்தா" என்றார் அமிச்சி, "ஒருத்தி பாக்காத மாதிரி போயிருந்தா போதும்." இந்தப் படத்துக்கு நான் படித்த எந்த விமர்சனத்திலும் இப்படி ஒரு வரி இல்லை.

தமிழில் எழுதியதைச் சொல்லாமல் விட மனமில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அப்பா பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார், நான் அதில்தான் படித்தேன். ஆறாம் வகுப்பில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்காகப் படித்தேன், பேசிப் பேசிச் சிரிக்க வைக்கும். கல்லூரிக்கு வந்த பிறகு மறுபடி எடுத்தால், குழந்தை பெற அனுமதி வாங்கும் நாடு, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாத ஜனங்கள், எல்லாரும் கும்பிடும் ஒரு தலைவர், அந்தத் தலைவர் ஆளே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம். இவ்வளவு இருட்டான கதையைச் சிரிக்க வைத்தே சொல்லியிருக்கிறாரே என்று மலைத்தேன். தமிழில் இன்னும் இந்த மாதிரி நிறைய வரவேண்டும், முக்கியமாக நம் ஊர் மில்லும் போர்வெல்லும் சாயத்தண்ணியும் வைத்து.

எல்லா இருட்டுக் கதையும் நல்லது என்று சொல்ல மாட்டேன். சிலதில் ஆளை வதைப்பதைத் தவிர ஒன்றும் இருக்காது, ஒன்றரை மணி நேரம் கத்தல், முடிவில் எல்லாரும் சாவார்கள், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அவற்றைப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஹாஸ்டலில் ஒருத்திக்கு அப்படி ஒரு படத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டது, அவளை யாரும் கோழை என்று சொல்லக்கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பாக இருக்கிறேன்.

பதில், ஈரோட்டில் செவிலியராக இருப்பவர்:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. சித்தி பகுதியில் அழுதுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2011-ல் வந்த, கொள்ளைநோய் பரவுவதைக் காட்டும் கன்டேஜியன் படத்தை நான் படிக்கும் காலத்தில் ரசித்துப் பார்த்திருக்கிறேன். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் வார்டில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆட்கள் வராண்டாவில் காத்திருந்த நாட்களுக்குப் பிறகு, அந்தப் படத்தின் பாட்டுச் சத்தம் கேட்டால்கூட எனக்குக் கை நடுங்குகிறது. நீங்கள் சொல்லும் கேள்வியெல்லாம் வெளியே இருப்பவர்களுக்கு வரும். உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு முட்டுவது மட்டும்தான் வருகிறது. அதில் ஒரே ஒரு காட்சியை மட்டும் இப்போதும் பார்ப்பேன், நோய்க் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் தனக்கு வந்த தடுப்பூசியைத் துப்புரவுப் பணியாளருடைய மகனுக்குப் போடுவார். அதோடு நிறுத்திவிடுவேன்.

பதில், கோபிச்செட்டிபாளையத்துப் பள்ளி ஆசிரியர்:

அந்தத் தானியங்கி வீட்டுக் கதையை நான் ஒன்பதாம் வகுப்பில் தமிழில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன், மழைக்கு விளையாட்டுப் பீரியட் போன ஒரு மத்தியானம். சுவரில் நிழல் வரும் இடத்தில் வகுப்பு அடங்கிப்போனது. நாய் வந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "வாசக் கதவத் தொறந்துச்சு, சமையக்கட்டுக் கதவ ஏன் தொறக்கலைங் சார்? நாய்க்கும் சோறு போடோணும்னு யாருமே அதுக்குச் சொல்லித் தரலையா?" என்று கேட்டது. இருபது வருட வேலையில் இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அதிகம் வந்ததில்லை. இப்போது என் மகனும் ஒன்பதாவது. இந்த மாதிரிக் கதை கேட்கிறான், அவன் அம்மா வேண்டாம் என்கிறாள். எதில் ஆரம்பிக்கலாம்?

என் பதில்:

அக்கா, நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சித்தியிடமும் நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது யாராவது கேட்பது மட்டும்தான். நீங்கள் எப்போதாவது அந்த வராண்டாவைப் பற்றி எழுத நினைத்தால் இங்கே எழுதுங்கள், படிக்க நாங்கள் இருக்கிறோம்.

சார், உங்கள் மாணவி கேட்ட கேள்வியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், எங்கள் மெக்கானிக்கல்காரியிடமும் காட்டப் போகிறேன். மகனுக்கு முதலில் 'என் இனிய இயந்திரா' கொடுங்கள், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவான். அடுத்து பிராட்பரி, அதை நீங்களே வாயால் சொல்லுங்கள், வகுப்பில் சொன்ன மாதிரி, அவன் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரி வேண்டாம், பகலில். நாய் செத்துப்போகும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். காட்வின் கதையைப் பதினொன்றாவது வரை தள்ளி வையுங்கள், கொடுக்கும்போது கூட உட்கார்ந்து சண்டை போட ஒருவர் வேண்டும். ஏலியனுக்கு அவசரமே இல்லை. அதற்கு முன்னால் யாராவது குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாவுப்பூச்சி காய்ந்துபோன இலை ஒன்றை லென்ஸ் வைத்துக் காட்டுங்கள், குளவி வெளியே வந்த ஓட்டை நன்றாகவே தெரியும்.